கிணற்று நீச்சல் கடலில் எடுபடவில்லை! பட்டணம் பார்க்க வந்த மளிகைக் கடைத் தம்பதியின் 4 நாள்

வெளியூரிலிருந்து பட்டணம் பார்க்க வருகிறவர்கள் ரெயிலை விட்டு இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, “பீச்சுக்கு எப்படிப் போகணும்?” என்பதுதான். இரண்டாவது கேள்வி, “மிருகக்காட்சி சாலை எங்கே இருக்கு?”

ஒரு காலத்தில் இரண்டாவது கேள்விக்கு ரிக்ஷாக்காரரே பதில் சொல்லிவிடுவார். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே “உயிர் காலேஜ்” இருந்தது. எழும்பூர் மியூசியத்துக்குப் பெயர் “செத்த காலேஜ்”. உயிர் காலேஜ் 1985-ல் வண்டலூருக்குக் குடிபோய்விட்டது. கடல் மட்டும் அங்கேயே இருக்கிறது.

அந்தக் கடலைப் பார்க்க 2025 மார்ச் மாதம் ஒரு கணவன்-மனைவி வந்தார்கள். ராசிபுரம் பக்கம் ஒரு கிராமம். சின்னதாக ஒரு மளிகைக் கடை. கணவருக்கு வயது 56. மனைவிக்கு 51. மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. மகன் ஓசூரில் வேலை பார்க்கிறார்.

கடைக்காரர்களுக்குத் தெரியும், கடையைப் பூட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்று. 27 வருஷத்தில் துக்கத்துக்கும் கல்யாணத்துக்கும் தவிர அந்தக் கடை ஒரு நாள் முழுசாக மூடியதில்லையாம். இந்தத் தடவை கதவில் சாக்பீசால் எழுதி வைத்துவிட்டு வந்தார்: “4 நாள் விடுமுறை. பாக்கி வைத்திருப்பவர்கள் ஓடிவிட வேண்டாம்.”

தமாஷான மனிதர். ஆனால் வந்து இறங்கிய முதல் நாளே தமாஷ் போய்விட்டது.

“பெயரைப் போட்டுடாதீங்க சார். மகனுக்குத் தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவான்” என்று நம்மிடம் கேட்டுக்கொண்டார். போடவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறோம்.

கடலைப் பார்க்காத மனைவி

ஏற்காடு எக்ஸ்பிரசில் விடியற்காலை சென்ட்ரலில் இறங்கினார்கள். திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டு, பெட்டியை வைத்துவிட்டு, காப்பி கூடக் குடிக்காமல் நேரே மெரினாவுக்கு நடந்தார்கள்.

மனைவி அதுவரை கடலை நேரில் பார்த்ததில்லை. அவர் பார்த்த ஒரே கடல், 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று டி.வி.யில் காட்டிய கடல். “அதைப் பார்த்த நாள்ல இருந்தே எனக்குக் கடல்னா அடிவயிறு கலங்குமுங்க. ஆனா ஒரு தடவையாவது பார்த்துடணும்னு ஆசை” என்றார்.

கணவருக்கு அந்த பயம் இல்லை. அவர் நீச்சல்காரர். எட்டு வயதில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் பழகியவர். பம்ப் செட் மேடையில் ஏறித் தலைகீழாகக் குதிப்பார். அடியில் மண்ணை அள்ளிக்கொண்டு மேலே வருவார். ஊரில் கிணற்றில் யாராவது விழுந்துவிட்டால் முதலில் இவரைத்தான் கூப்பிடுவார்கள்.

மனைவியும் லேசுப்பட்டவர் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் தம்பி தங்கைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். கல்யாணத்துக்குப் பிறகு நிறுத்திவிட்டார். “புகுந்த வீட்டுல போயி கெணத்துல குதிச்சா நல்லாவா இருக்கும்?” என்று சிரிக்கிறார். 30 வருஷம் ஆகிறது, அவர் நீந்தி.

சூரியன் வந்துவிட்டது. கலங்கரை விளக்கம் பக்கம் அவ்வளவாகக் கூட்டம் இல்லை. அலை பெரிதாக இல்லை. மனைவி ஈர மணலில் நின்றார். ஓர் அலை வந்து காலை நனைத்துவிட்டுத் திரும்பியது. அப்போது குதிகாலுக்கு அடியில் இருந்த மணல் சரசரவென்று உருவிக்கொண்டு போனது.

“ஏனுங்க, இது நம்ம கெணத்துத் தண்ணி மாதிரி நிக்கிற தண்ணி இல்லீங்க. காலடி மண்ணையே உருவுது பாருங்க. உள்ளே போக வேண்டாம்” என்றார் மனைவி.

“நீ சும்மா இரு புள்ள. நாப்பது அடிக் கெணத்துல குதிச்சவன் நானு” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணவர் இறங்கினார்.

முழங்கால். தொடை. இடுப்பு. திரும்பிப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினார்.

அடுத்த அடி வைத்தபோது கீழே தரை இல்லை!

“மல்லாக்கப் படுங்க!”

காலை நடைப்பயிற்சிக்குப் போயிருந்த நாம் அங்கே போய்ச் சேர்ந்தபோது மணலில் நாலைந்து பேர் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் ஒரு தலை தெரிந்தது. கரையிலிருந்து பத்துப் பதினைந்து கஜம் இருக்கும். அந்தத் தலை கரையைப் பார்த்துத்தான் நீந்துகிறது. கை இரண்டும் வேகமாக அடிக்கிறது. ஆனால் கரை கிட்டத்தில் வரவில்லை. தள்ளித் தள்ளிப் போகிறது.

தண்ணீரின் ஓரத்தில் அந்த அம்மாள் நின்றிருந்தார். ஓடவில்லை. குதிக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழவும் இல்லை. இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்தினார்:

“மல்லாக்கப் படுங்க! அடிக்காதீங்க! மல்லாக்கப் படுங்க!”

அந்தக் குரல் நம் காதில் இன்னும் இருக்கிறது. காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாட்டைக் கூப்பிடுகிற குரல் அது. பட்டணத்தில் யாருக்கும் அந்தத் தொண்டை கிடையாது.

கணவர் காதில் அது விழுந்தது. மல்லாந்தார். முகம் மேலே தெரிந்தது. அலை அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இழுப்பு அவரை உள்ளே கொண்டுபோய், பிறகு வடக்குப் பக்கமாகத் தள்ளியது.

அதற்குள் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த குப்பத்து இளைஞர்கள் இருவர் ஓடி வந்தார்கள். காலி பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கயிற்றோடு எடுத்துக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தார்கள். கேனை அவர் நெஞ்சுக்குக் கீழே கொடுத்தார்கள். நேரே கரைக்கு வரவில்லை. கரைக்குப் பக்கவாட்டிலேயே கொஞ்ச தூரம் போய், அலை உடைகிற இடத்தில் திரும்பி, அலையோடு அலையாகக் கொண்டுவந்து மணலில் போட்டார்கள்.

எல்லாம் ஐந்தாறு நிமிடம். வேட்டியைக் கடல் எடுத்துக்கொண்டது. யாரோ ஒரு துண்டு கொடுத்தார்கள்.

இளைஞர்களோடு வந்திருந்த வயதான மீனவர் ஒருவர் அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, மூச்சு நன்றாக வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்:-

“பெருசு, கடலாண்ட ரோசம் வச்சிக்கக் கூடாது. கரையைப் பாத்து அடிச்சிக்கினே இருந்தியே, இன்னும் ரெண்டு நிமிசம் அப்படியே அடிச்சிருந்தா கை சோந்துபூடும். அந்தம்மா சொன்னதைக் கேட்டே பாரு, அதான் பொழச்சே.”

அந்த அம்மாளிடம், “உனக்குக் கடல் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாதுங்க. கெணத்துல புள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறப்ப மூச்சு வாங்கினா மல்லாக்கப் படுன்னுதான் முதல்ல சொல்லுவோம்” என்றார். அதைச் சொல்லிவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை நின்ற கால் அப்போதுதான் நடுங்கியது.

போலீசார் வந்தார்கள். தண்ணீர் குடித்தவர் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சரியான யோசனை. நுரையீரலில் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்துத்தான் தொந்தரவு தெரியும். பட்டணம் பார்க்க வந்தவர் முதல் நாள் மத்தியானம் வரை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

இளைஞர்களுக்குப் பணம் கொடுக்கப் போனார். வாங்கவில்லை.

அது என்ன “இழுப்பு”?

மெரினாவில் “குளிக்கத் தடை” என்று போர்டு இருக்கிறது. போலீசார் விசில் ஊதுகிறார்கள். மைக்கில் சொல்கிறார்கள். அப்படியும் வருஷா வருஷம் உயிர் போகிறது. போகிறவர்களில் பலர் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் என்பதுதான் வேதனை. ஏன் இப்படி?

அலையோடு கரைக்கு வந்து கொட்டுகிற தண்ணீர் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? எல்லா இடத்திலும் சமமாகத் திரும்பாது. தண்ணீருக்கு அடியில் மணல் திட்டு இருக்கும். திட்டுக்கும் திட்டுக்கும் நடுவே பள்ளம் இருக்கும். வந்த தண்ணீர் எல்லாம் அந்தப் பள்ளத்தின் வழியாக ஓர் ஆறு மாதிரி உள்ளே பாயும். அந்த ஆற்றில் மாட்டிக்கொண்டவர் கரையை நோக்கி நீந்தினால், ஓடுகிற ஆற்றை எதிர்த்து நீந்துவதாக அர்த்தம். பெரிய நீச்சல் வீரரே தோற்றுப்போவார்.

இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. அந்தப் பள்ளம் உள்ள இடத்தில் அலை அதிகமாக உடையாது. மேலே பார்த்தால் மற்ற இடத்தைவிட அமைதியாகத் தெரியும். “இங்கே அலை கம்மி, இங்கே இறங்கலாம்” என்று விவரம் தெரியாதவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். நம் மளிகைக் கடைக்காரரும் அப்படித்தான் இறங்கினார்.

மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது, மீனவர்கள் செய்ததுதான். எதிர்த்து அடிக்கக் கூடாது. மிதக்க வேண்டும். கரைக்குப் பக்கவாட்டில் நகர வேண்டும். இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். கரையில் இருப்பவர்கள் கையில் மிதக்கிற பொருள் எதுவும் இல்லாமல் பின்னால் குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் மூன்று பேர் போன கதை நம் கடற்கரையில் நிறைய உண்டு.

மெரினாவின் மணல் பரப்பே மனிதன் வரவழைத்ததுதான். முன்பெல்லாம் கடல் ரோட்டுக்கு வெகு கிட்டத்தில் இருந்தது. 19-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் துறைமுகத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். கடலோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த மணலை அது தடுத்தது. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் மணல் வந்து சேராமல் கரை அரித்தது. 1880-களில் கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் துரை இங்கே நடைபாதை போட்டு “மெரினா” என்று பெயரும் வைத்தார். காற்று வாங்கத்தான் வைத்தார். குளிக்க அல்ல.

பாம்போடு பேசினார், புருஷனோடு பேசவில்லை

இரண்டாம் நாள் கிண்டிக்குப் போனார்கள். சாதா பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்ற திட்டம் 2021-ல் வந்தது. மனைவிக்கு இலவசம், கணவருக்கு டிக்கெட். கடைக்காரர் சட்டைப் பையில் ஒரு கணக்கு நோட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு டிக்கெட்டையும் அதில் எழுதுகிறார். முதல் நாள் பக்கத்தில் லாட்ஜ் அட்வான்ஸ், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, புது வேட்டி என்று எழுதி, கடைசியில், “மீன்காரப் பையன்கள் - காசு வாங்கவில்லை” என்று ஒரு வரி இருந்தது. அதற்கு எதிரே தொகை இல்லை.

மனைவி முதல் நாள் மத்தியானத்திலிருந்து அவரோடு பேசவில்லை.

கிண்டி தேசியப் பூங்கா, ஒரு நகரத்துக்கு நடுவே இருக்கிற காடு. மொத்தம் 2.7 சதுர கிலோ மீட்டர்தான். இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. முன்பு கவர்னர் மாளிகை வளாகமாக இருந்த இடம். புள்ளிமானும் வெளிமானும் அங்கே சுதந்திரமாகத் திரிகின்றன. ஆண் வெளிமானுக்கு முறுக்கிய கொம்பு, கருத்த முதுகு, வெள்ளை வயிறு. ஒரு பக்கம் கவர்னர் மாளிகை, மறுபக்கம் ஐ.ஐ.டி., சுற்றி பஸ் ஹாரன். இத்தனைக்கும் நடுவே அது பாட்டுக்குப் புல் மேய்கிறது. கிண்டி ஸ்டேஷனில் தினமும் ரெயில் மாறுகிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

பக்கத்திலேயே பாம்புப் பண்ணை. ரோமுலஸ் விட்டேகர் ஆரம்பித்தது. 1972-லிருந்து கிண்டியில் இருக்கிறது. அங்கே நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் மனைவி கண்ணாடிக்கு முன்னால் நின்று நிதானமாகப் பார்த்தார். நம் நாட்டில் பாம்புக் கடிச் சாவு பெரும்பாலும் இந்த நான்கினால்தான்.

“இவரைத் தெரியுமுங்க. கடலைக்காட்டுல கொடியோட கொடியா சுருண்டு கெடப்பாரு. புஸ்சுன்னு குக்கர் மாதிரி சத்தம் கொடுப்பாரு” என்று கண்ணாடி விரியனைக் காட்டி, பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொன்னார். பிள்ளைகள் ஆவென்று கேட்டார்கள். கணவரும் பின்னால் நின்று கேட்டார். அவர் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

அன்று சாயங்காலம், கணவர் சமாதானத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். “உனக்குத்தான் நீந்தணும்னு ஆசை இருக்குல்ல? நீச்சல் குளத்துக்குப் போலாம் வா” என்று அழைத்துக்கொண்டு போனார். நகரத்தில் உள்ள ஒரு நீச்சல் குளம். நீலத் தண்ணீர். சுற்றிலும் வெள்ளை ஓடு. மனைவி கம்பி வழியாகப் பார்த்த பார்வையை வைத்தே கணவருக்குத் தெரிந்துவிட்டது, 30 வருஷம் அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்று.

ஆனால் டிக்கெட் கவுண்டரில் இருந்தவர் ஏற இறங்கப் பார்த்தார். “சேலையில எல்லாம் விட மாட்டோம்மா. காஸ்ட்யூம் வேணும், தொப்பி வேணும். லேடீஸ் டைம் முடிஞ்சு போச்சு” என்றார்.

“பாவாடையை நெஞ்சுக்கு மேலே கட்டிக்கிட்டு நீந்தினவங்க நானு” என்றார் மனைவி.

“அது ஊர்லம்மா. இது பட்டணம்.”

திரும்பி வந்துவிட்டார்கள்.

விதியில் தப்பில்லை. தொளதொளத் துணி தண்ணீரில் காலைச் சுற்றும். நூலும் சாயமும் வடிகட்டியை அடைக்கும். அதை அன்பாகச் சொன்னால் என்ன? கடலில் இறங்காதே என்று போர்டு வைக்கிறோம். சரி. குளத்துக்கு வந்தால் உடையைக் காட்டித் திருப்பி அனுப்புகிறோம். அப்படியானால் வெளியூரிலிருந்து வருகிறவர் எங்கேதான் நீந்துவது? எந்த உடை, எந்த நேரம், எங்கே வாங்குவது என்று தமிழில் ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

முதலைக்கு முன்னால் ஒரு “ம்”

மூன்றாம் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் பஸ். வழியில் கோவளம். 2021-ல் “நீலக்கொடி” வாங்கிய கடற்கரை. சுத்தமான தண்ணீர், குளிக்கிற இடத்துக்கு எல்லை, உயிர் காப்பாளர்கள் எல்லாம் இருந்தால்தான் அந்தக் கொடி கிடைக்கும். பஸ் கோவளம் ஸ்டாப்பில் நின்றபோது கணவர் லேசாக எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தார். கணவர் உட்கார்ந்துவிட்டார்.

கோவளம் தாண்டி வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. 1976-ல் தொடங்கியது. இதுவும் விட்டேகர் கைங்கரியம்தான். தோலுக்காகவும் பயத்தாலும் சுட்டுத் தள்ளி, நாட்டில் முதலையே அற்றுப்போகும் நிலை வந்தபோது, இனத்தைக் காப்பாற்ற முட்டை வைத்துப் பொரிக்க ஆரம்பித்த இடம். இன்று நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன, விறகுக் கட்டை அடுக்கி வைத்த மாதிரி. பல முதலைகள் வாயைப் பிளந்துகொண்டே கிடக்கும். கடிக்க அல்ல. உடம்புச் சூட்டைத் தணிக்க.

அதே வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-ல் ஏற்பட்டது. பாம்பு பிடித்துத் தோல் விற்றுப் பிழைத்தவர்களுக்கு, தோல் வியாபாரம் தடையானதும் பிழைப்பு போயிற்று. அதே கைத்தொழிலை வைத்து விஷம் எடுக்கச் செய்தார்கள். பானையில் பாம்பை வைத்திருந்து, சில வாரம் விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பாம்புக் கடிக்கு ஆஸ்பத்திரியில் போடுகிற மருந்துக்கு இந்த விஷம்தான் மூலம். இந்த இருளர்களில் இருவர், வடிவேல் கோபாலும் மாசி சடையனும், 2023-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். கடலைக்காட்டில் வேலை செய்கிற குடும்பத்துப் பெண்ணுக்கு இது சும்மா வேடிக்கை இல்லை. மனைவி அங்கே வெகு நேரம் நின்றார்.

முதலைத் தொட்டி முன்னால் கணவர் மெதுவாக ஆரம்பித்தார். “நம்ம ஒகேனக்கல்லுல ஒரு தடவை பார்த்தோமே, ஞாபகம் இருக்கா புள்ள?”

“ம்” என்றார் மனைவி.

இரண்டு நாளில் அதுதான் முதல் எழுத்து.

ஆமைக் குஞ்சுகள் செய்த சமாதானம்

அன்று சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரையில் நாம் அவர்களைச் சந்தித்தோம். அங்கே மணலில் ஒரு வெள்ளை மண்டபம் நிற்கிறது. சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் சாய்ந்து போட்டோ எடுக்காத காதலர்கள் சென்னையில் கிடையாது. அது யாருக்காகக் கட்டியது என்று கேட்டால் விழிப்பார்கள். 1930-ல் இதே கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை விட்ட டென்மார்க்காரர் ஷ்மிட்டின் ஞாபகார்த்தம் அது. விவரத்தைச் சொன்னதும் கணவர் மண்டபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கொஞ்சம் தள்ளி மூங்கில் தட்டி வேலி. அதுதான் ஆமை முட்டைப் பொரிப்பகம். பங்குனி ஆமை என்று நம் மீனவர்கள் சொல்வது சும்மா இல்லை. ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை இரவில் கரைக்கு வந்து, மணலில் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். நாயும் மனிதனும் கிளறாமல் இருக்க, வனத்துறையினரும் மாணவர் தொண்டர்களும் இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்து இங்கே புதைத்து வைக்கிறார்கள். மாணவர்களின் இந்த ராத்திரி நடை 1988-லிருந்து நடக்கிறது. சுமார் 45 நாள் முதல் 60 நாளில் குஞ்சு வெளியே வரும்.

அன்று குஞ்சு விடுகிற நாள். கயிறு கட்டி ஜனங்களை ஒதுக்கினார்கள். கூடையைச் சாய்த்தார்கள். உள்ளங்கையில் பாதி அளவு இருக்கும் கறுப்புக் குஞ்சுகள். நாலு துடுப்பையும் அடித்துக்கொண்டு ஈர மணலில் போயின. சில குஞ்சுகள் திரும்பி ரோட்டுப் பக்கம் வந்தன. வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் கடல் என்பது அவற்றின் பிறவிக் கணக்கு. நம் தெரு விளக்கு வந்து அந்தக் கணக்கைத் தப்பாக்கிவிட்டது. தொண்டர்கள் டார்ச் அடித்துத் திருப்பினார்கள்.

முதல் அலை வந்து குஞ்சுகளை உருட்டிப் பின்னால் தள்ளியது. மறுபடி போயின. இரண்டாவது அலை அள்ளிக்கொண்டது.

“ஐயோ, இழுத்துட்டுப் போயிடுச்சே!” என்று மனைவி கணவரின் கையைப் பிடித்துவிட்டார்.

ஒரு மாணவி சிரித்துக்கொண்டே, “அது போகத்தான் வேணும் ஆன்ட்டி. அதுங்க வீடு அங்கதான்” என்றாள். ஆயிரத்தில் ஒன்றுதான் வளர்ந்து பெரிசாகும் என்பார்கள் என்றும், பிழைத்த பெண் ஆமை பல வருஷம் கழித்துத் தான் பிறந்த கரைப் பக்கமே முட்டையிட வரும் என்றும் சொன்னாள்.

அப்புறம், இரண்டு மாதம் முன்னால் நடந்ததையும் சொன்னாள். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான தாய் ஆமைகள் செத்து ஒதுங்கின. பெரும்பாலும் விசைப்படகுகளின் இழுவை வலையில் சிக்கியவை.

“வலையில சிக்கினா எப்படிம்மா சாகும்? ஆமை தண்ணியிலேயே இருக்கறதுதானே?” என்று கேட்டார் கணவர்.

“இல்ல அங்கிள். அதுக்கும் நம்மளை மாதிரி நுரையீரல்தான். மூச்சு விட மேலே வரணும். வலை அமுக்கிட்டா வர முடியாது. மூச்சு முட்டிடும்.”

கணவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் முன்னால் மூச்சுக்காக வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தவர். திரும்பி மனைவியைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“இனிமே உன் பேச்சைத் தட்ட மாட்டேன் புள்ள” என்றார்.

“மனுசன் செத்துப் போயிருந்தா நான் ஊர்ல போயி யாருக்கிட்ட என்னன்னு சொல்லுவேன்? கடைக் கதவுல 4 நாளுன்னு எழுதிட்டு வந்தீங்களே!” என்று மனைவி பொரிந்து தள்ளினார். மூன்று நாள் சேர்த்து வைத்தது எல்லாம் அப்போது வந்தது. கூட்டம் கலைகிற வரைக்கும் திட்டினார். கணவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். சுண்டல் விற்கிற பையன் வந்தான். இரண்டு பொட்டலம் வாங்கினார்கள்.

பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்

நாலாம் நாள் வண்டலூர் போவதாகப் பிளான். போகவில்லை. காலையிலேயே தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போனார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிற நீச்சல் உடை ஒன்று வாங்கினார்கள். விலை கேட்டதும் கணவர் மூச்சை இழுத்தார். ஆனால் பேரம் பேசவில்லை. வியாபாரி பேரம் பேசாமல் வாங்குவது என்பது, வியாபாரிகளுக்குத்தான் தெரியும், எவ்வளவு பெரிய பிராயச்சித்தம் என்று!

பெண்கள் நேரத்துக்கு அதே குளத்துக்கு மறுபடி போனார்கள். அதே கவுண்டர்காரர். உடையைக் காட்டினார்கள். டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

ஆண்கள் உள்ளே போகக் கூடாது. கணவர் வெளியே பெஞ்சில் மனைவியின் பையையும் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே நடந்ததை மனைவி பிறகு சொன்னார்:-

“முதல்ல கூச்சமா இருந்துதுங்க. சின்னப் பொண்ணுங்க எல்லாம் பார்க்குது. சொல்லிக் கொடுக்கிற அம்மா, ‘பயப்படாதீங்க, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க’ன்னாங்க. எங்கேருந்து குதிக்கிறதுன்னு கேட்டேன். குதிக்கக் கூடாதாம். படியில இறங்கணுமாம். குதிக்காம என்னங்க நீச்சல்? சரின்னு இறங்கினேன். தண்ணி ஒரே மருந்து வாசம். முங்கினேன். காது அடைச்சுது. அப்புறம் கை தானா போச்சுங்க. அந்தப் பக்கம் போயித் தொட்டுட்டுத் திரும்பி வந்தேன். அந்த அம்மா வாயைப் பிளந்துட்டாங்க, அந்த முதலை மாதிரி!”

ஆறு தடவை போய் வந்தாராம். மூச்சு வாங்கியபோது மல்லாக்கப் படுத்துக்கொண்டாராம். மேலே தகரக் கூரையும் அதில் ஒரு புறாவும் தெரிந்ததாம்.

ராத்திரி சென்ட்ரலில் அவர்களை வழியனுப்பினோம். கணவர் கணக்கு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈர உடை பிளாஸ்டிக் பையில் ஜன்னல் கொக்கியில் தொங்கியது. ஊரில் அதை எங்கே போட்டுக்கொள்வது என்று கேட்டோம். “தோட்டத்துக் கெணத்துல இந்த வருசம் தண்ணி கெடக்குது” என்றார் மனைவி. கணவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை, ஆனால் சிரித்தார்.

வண்டி புறப்படுகிற நேரத்தில் ஓசூரிலிருந்து மகன் போன் பண்ணினார். மனைவிதான் எடுத்தார். கணவர் நோட்டை மூடிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா இருந்துச்சுடா... ஆமா, கடல் பார்த்தோம்... ஆமைக்குஞ்சு விட்டாங்க, அதையும் பார்த்தோம்... அப்பாவா? அவரு கால் நனைச்சாரு.”